மூன்று நட்சத்திரம் வாங்கிய டிஸ்னி உணவகங்கள்: எவற்றுக்குத் தைரியமாகப் போகலாம்?

உங்கள் நிலைமையை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். டிசம்பரில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு ஆறு பேர் போகிறீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, நீங்கள் இருவர், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். அப்பாவுக்கு முழங்கால் வலி. பெயர் பெற்ற உணவகங்களில் மேசை எல்லாம் முன்பதிவில் போய்விட்டது. இன்னும் இடம் காட்டுபவை இணைய விமர்சனங்களில் ஐந்துக்கு மூன்று, மூன்றரை நட்சத்திரத்தில் நிற்கின்றன. அங்கே போய்ப் பணத்தைத் தொலைப்பதா, இல்லை பேசாமல் பர்கரையும் ஃபிரெஞ்ச் ஃபிரைஸையும் வைத்து மூன்று நாளை ஓட்டிவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

போகலாம். எல்லாவற்றுக்கும் இல்லை, சிலவற்றுக்கு. நான் டாம்பாவில் இருக்கிறேன். டிஸ்னி ஒன்றேகால் மணி நேர ஓட்டம். பதினோரு வருடமாக ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் டிஸ்னிக்கு அழைத்துப் போகும் வேலை என் தலையில்தான். என் மாமியார், சித்தி குடும்பம், கணவரின் அலுவலக நண்பர்கள் என்று விதவிதமான வாய்களோடு போய்வந்திருக்கிறேன். கடைசி நேரத்தில் கிளம்புவதே எங்கள் வழக்கம் என்பதால், மீந்து கிடக்கும் மேசைகள்தான் எப்போதும் எங்களுக்கு வாய்க்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த நட்சத்திரம் போடுகிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். தலைக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து உள்ளே வந்திருக்கிறார். ஃபுளோரிடா வெயிலில் ஏழெட்டு மைல் நடந்திருக்கிறார். அந்த மேசைக்காக 60 நாளுக்கு முன்பே விடியற்காலையில் எழுந்து போனைத் தட்டியிருக்கிறார். சாப்பாடு வருவதற்குள் பிள்ளை மேசையிலேயே தூங்கிப் போயிருக்கும். அதன் பிறகு பில் வருகிறது. இவ்வளவையும் ஒரு தட்டு பாஸ்தா ஈடுகட்ட வேண்டும் என்றால் எந்தச் சமையல்காரருக்கும் கஷ்டம்தான். அதனால் நான் நட்சத்திரங்களை எண்ணுவதில்லை. என்ன குறை சொல்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பேன். மசாலா வாசனை தூக்கல், பெயர் தெரியாத பண்டங்கள், பிள்ளைக்குப் பழகிய சிக்கன் நகெட்ஸ் கண்ணில் படவில்லை என்ற வகைக் குறைகள் நிறைய இருந்தால் அந்த இடத்தை உடனே குறித்துக்கொள்வேன். ஆறிப்போய் வந்தது, ஒரு மணி நேரம் காக்கவைத்தார்கள் என்ற வகைக் குறைகள் என்றால் தொடமாட்டேன். அந்தக் குறைக்கு நாடு, மொழி கிடையாது.

இதைத் திருப்பிப் போட்டாலும் பொருந்தும். அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலின் கிடானி கட்டடத்தில் சனா என்று ஓர் உணவகம், 2009 முதல் இருக்கிறது. அமெரிக்கர்கள் அதைக் கொண்டாடுவார்கள், குறிப்பாக அங்கே தரும் ரொட்டித் தட்டை. ஐந்து வகை ரொட்டி, தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணம். நான் ரொட்டி, குல்ச்சா, வெள்ளரிக்காய் ராய்த்தா, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, மாங்காய்ச் சட்னி, ஊறுகாய். அவர்களுக்கு அது கண்டுபிடிப்பு. நமக்கு? என் மாமியார் ஒன்பது கிண்ணத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்காடி ஹைவேல இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். அங்கே ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்வதைப் பார்க்கத்தான் போக வேண்டும், அதற்கு நிச்சயம் போகலாம். ஆனால் அந்த ஐந்து நட்சத்திரம் யாருடைய நாக்கு போட்டது என்பதை மறக்கக்கூடாது.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பார்க்குகள்; உணவகங்கள் அவற்றுக்குள் இருக்கின்றன.

முதல் இடம் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஸ்கிப்பர் கேன்டீனுக்கு. மேஜிக் கிங்டமில், அட்வெஞ்சர்லேண்ட் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியில் ஜங்கிள் குரூஸ் என்ற படகுச் சவாரி 1971இல் பார்க் திறந்த நாளிலிருந்து ஓடுகிறது. படகோட்டிகள் வழியெல்லாம் மொக்கை ஜோக்காக அடித்துக்கொண்டே வருவார்கள்; அந்த மொக்கைக்காகவே போகிறவர்கள் உண்டு. அந்தப் படகுக் கம்பெனியின் ஊழியர்கள் தங்கள் சாப்பாட்டுக் கூடத்தை வெளியாருக்கும் திறந்துவிட்டால் எப்படி இருக்கும் என்ற கற்பனையில் 2015 டிசம்பரில் தொடங்கியதுதான் இந்த உணவகம். ஆர்டர் எடுப்பவர்களும் அதே மொக்கையைத் தொடர்வார்கள். மெனுவில் உள்ள பெயர்களிலும் சிலேடைதான். ஆங்கிலச் சிலேடை என்பதால் உங்கள் அப்பா அம்மாவுக்கு முழுதாகப் போய்ச் சேராது. 9 வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும், அதைப் பார்த்து அவர்களும் சிரிப்பார்கள்.

இங்கே நட்சத்திரம் குறைவதற்குக் காரணம் சாப்பாடு எந்த நாட்டுப் பக்கமும் நிற்காமல் ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று அலைவதுதான். மேஜிக் கிங்டமுக்கு வருகிற அமெரிக்கக் குடும்பம் மதியத்துக்கு எதிர்பார்ப்பது பர்கர், பீட்சா, பொரித்த கோழி. அவர்கள் முன்னால் தாய் நூடுல்ஸையும் சீனத்து முறையில் வாட்டிய பன்றி இறைச்சியையும் ஃபலாஃபலையும் வைத்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். நமக்கு அந்தப் பார்க்கிலேயே இஞ்சி, பூண்டு, மிளகாய் மூன்றும் ஒன்றாக நாக்கில் படும் இடம் இதுதான். நம் வீட்டுக் காரத்தை எதிர்பார்க்காதீர்கள். பார்க்கின் மற்ற சமையலறைகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறேன்.

பிரேசிலியச் சீஸ் ரொட்டி உருண்டைகள் இருந்தால் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். அந்த ரொட்டி வழக்கமாக மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இழுவை. ஆனால் அதில் முட்டையும் சேரும், எனவே அம்மாவுக்கு வேண்டாம். தாய் நூடுல்ஸில் காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் மீன் சாஸ் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு டிஸ்னியில் சலித்துக்கொள்ள மாட்டார்கள். மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும் பல உணவகங்களில் சமையல்காரரே வெளியே வந்து பேசுவார். என் சித்திக்கு அப்படி ஒருவர் வந்து பத்து நிமிடம் விளக்கினார். சித்தி ஊருக்குப் போய் டிஸ்னி கோட்டையைப் பற்றிச் சொன்னதைவிட அவரைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம்.

இன்னொரு விஷயம். உள்ளே மூன்று கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஏதோ ரகசியச் சங்கத்தின் சந்திப்பு அறை மாதிரி ஜோடித்திருப்பார்கள். அலமாரியிலுள்ள புத்தகத் தலைப்புகளும் ஜோக்தான். மேசை எங்கே கிடைத்தாலும், சாப்பிட்டு முடித்தபின் அந்த அறையை எட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கூட்டம் இல்லையென்றால் காட்டுவார்கள்.

அடுத்தது எப்காட்டில் சான் ஆன்ஹெல் இன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குப் போய்விட்டுத் திட்டுகிறவர்களும் நிறைய, போகாமல் இழக்கிறவர்களும் நிறைய.

எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள் உண்டு. மெக்சிகோ அரங்கு ஒரு பிரமிடு. வெளியே உச்சி வெயில் கொளுத்தும். வாசலைத் தாண்டி உள்ளே போனால் எப்போதும் அந்தி நேரம். நீல இருட்டு, தூரத்தில் புகையும் எரிமலை, நடுவில் சந்தை, சந்தையைத் தாண்டி நீரோடை. அந்த ஓடையை ஒட்டித்தான் மேசைகள். படகுச் சவாரி போகிறவர்கள் நம் மேசைக்கு அருகாகவே மிதந்து போவார்கள். பிள்ளைகள் கையசைத்தால் பதிலுக்குக் கையசைப்பார்கள். எப்காட் 1982இல் திறந்தபோதே இந்த உணவகமும் திறந்தது. மெக்சிகோ சிட்டியில் ஒரு பழைய பண்ணை மாளிகையில் இதே பெயரில் புகழ்பெற்ற உணவகம் இருக்கிறது; அதன் வழியில் வந்ததுதான் இது.

குறைகள் என்ன? இருட்டில் மெனு தெரிவதில்லை. மேசைகள் நெருக்கம். விலை அதிகம். மூன்றும் உண்மை. நான்காவது குறைதான் சுவாரசியம்: தங்களுக்குத் தெரிந்த மெக்சிகன் சாப்பாடு மாதிரி இல்லை என்பது. அமெரிக்காவில் பெரும்பாலானோருக்குத் தெரிந்த மெக்சிகன் என்பது டெக்சாஸ் எல்லைப் பக்கத்துச் சமையல். மஞ்சள் சீஸை உருக்கி ஊற்றி, மாட்டிறைச்சிக் கொத்தைப் போட்டு, மேலே புளித்த கிரீம் வைத்த பண்டம். அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே போகிறவர்கள் தேட வேண்டியது மோலே.

மோலே என்றதும் சாக்லேட் சாஸ் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். சாக்லேட் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். ப்யூப்லா ஊர் மோலே எப்படி உருவாகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று வகைக் காய்ந்த மிளகாயை வறுப்பார்கள். எள், பாதாம் அல்லது நிலக்கடலை, பட்டை, கிராம்பு, மிளகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுப்பார்கள். தக்காளி, பூண்டு, வெங்காயத்தைச் சுட்டுக்கொள்வார்கள். கெட்டியாவதற்கு வறுத்த சோள ரொட்டி. எல்லாவற்றையும் அரைத்து, கொழுப்பில் வதக்கி, நெடுநேரம் கொதிக்க வைப்பார்கள். இதைக் கேட்டால் உங்கள் அம்மாவுக்கு எதுவும் புதிதாகத் தோன்றாது. வறுத்து அரைத்த குழம்புதான். என் மாமியார் முதல் வாயிலேயே, "எள்ளு வறுத்துப் போட்டிருக்காங்க, கிராம்பும் இருக்கு" என்று கண்டுபிடித்துவிட்டார். புளிக்குப் பதில் என்ன என்று அரை மணி நேரம் ஆராய்ச்சி நடந்தது. சனாவில் ஒன்பது கிண்ணத்தைப் பார்த்து முகம் திருப்பிய அதே மாமியார்தான்.

அம்மாவுக்கு இங்கே கவனம் தேவை. மோலேயில் பொதுவாகக் கோழி வேகவைத்த தண்ணீர் சேரும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மெக்சிகன் சமையலில் சகஜம். சோற்றையும் கோழித் தண்ணீரில் வேகவைப்பதுண்டு. "வெஜிடேரியனா?" என்று மொத்தமாகக் கேட்காமல் கொழுப்பு, கோழித் தண்ணீர், முட்டை, சீஸ் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மெனுவில் பச்சை இலைக் குறி இருந்தால் கவலையே வேண்டாம். டிஸ்னி 2019இல் கொண்டுவந்த குறி அது. இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை என்று பொருள். நம் சைவத்தைவிட ஒரு படி மேல். பால், தயிர் கூடாது என்பது அம்மாவுக்கு இல்லையென்றாலும், முட்டைத் தொல்லையிலிருந்து தப்பிக்க இதுதான் குறுக்கு வழி.

மேசை கொடுக்கும்போது ஓடைப் பக்கம் வேண்டும் என்று சொல்லுங்கள். கொஞ்சம் காக்கச் சொன்னால் காத்திருங்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் போவது நல்லது. வெளியே வெயில் உச்சத்தில் இருக்கும்போது அந்த இருட்டுக்குள் நுழைகிற சுகமே தனி. மெனு படிக்க போன் டார்ச் இருக்கவே இருக்கிறது.

எப்காட்டிலேயே இன்னொன்று, ஸ்பைஸ் ரோடு டேபிள். மொராக்கோ அரங்குக்கு எதிரே, ஏரிக்கரையில், 2014இல் வந்தது. அந்த அரங்கை மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் தம் நாட்டுக் கைவினைஞர்களை அனுப்பிக் கட்ட உதவினார். 1984இல் திறந்தது. அந்த ஓடு வேலைப்பாட்டைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். உணவகத்தின் மேல் சொல்லப்படும் பெரிய குறை, தட்டு சின்னது என்பது. சின்னத் தட்டுதான் அவர்கள் கணக்கு. பலவற்றை வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட வேண்டும். நம் பேச்சில் சொன்னால் டிபன். மாலை ஆறரை ஏழுக்கு முழுச் சாப்பாடு வேண்டாம், ஆனால் உட்கார வேண்டும், ஏதாவது கொறிக்க வேண்டும் என்ற நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பார்க்கில் இல்லை. கொண்டைக்கடலை விழுதை விரல் நீளத்துக்கு உருட்டிப் பொரித்துத் தருவது நெடுநாளாக இங்கே பெயர் பெற்றது. மெனு அடிக்கடி மாறும் என்பதால் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இரவு வாணவேடிக்கை ஏரியின் மேல்தான் நடக்கிறது. அந்த நேரத்தை ஒட்டி வெளி மேசை வாய்த்தால் அப்பா நிற்க வேண்டியதே இல்லை.

முழங்காலைப் பற்றிப் பேசும்போது கோரல் ரீஃப் ஞாபகம் வருகிறது. இதுவும் எப்காட்தான். 1986இல் கடல் அரங்கோடு சேர்ந்து திறந்தது. 57 லட்சம் காலன் தண்ணீர் கொண்ட மீன்தொட்டி, நம் கணக்கில் இரண்டு கோடி லிட்டருக்கு மேல். அதன் ஒரு பக்கக் கண்ணாடிக்கு முன்னால் தியேட்டர் மாதிரி படிப்படியாக மேசைகள். சுறா போகும், திருக்கை போகும், ஆமை போகும். சாப்பாடு சுமார் என்பதுதான் பொதுக் கருத்து. நானும் அதை மறுக்கப் போவதில்லை, சுமார்தான். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: பக்கத்து அரங்குக்குள் போனால் இதே தொட்டியைத் தனிக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். அப்படியானால் ஏன் போக வேண்டும்? வயதானவர்கள் குளிர்ச்சியில், நீல வெளிச்சத்தில், சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார அதுபோல இன்னோர் இடம் இல்லை என்பதற்காக. என் மாமனார் அங்கே ஒரு சூப்பை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று நாளில் அவர் முகம் மலர்ந்தது அங்கேதான். மீனைப் பார்த்துக்கொண்டே மீன் சாப்பிடுவது சரியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

கார்டன் கிரில் உங்கள் 5 வயதுக்கு. எப்காட்டின் தி லேண்ட் அரங்கின் மேல்மாடியில் உணவகமே மெதுவாகச் சுற்றும். கீழே ஓடும் படகுச் சவாரியின் காட்சிகள், மழைக்காடு, பாலைவனம், பண்ணை வீடு என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். சிப்பும் டேலும், டிஸ்னி கார்ட்டூனில் வரும் அந்த இரண்டு குட்டி அணில்கள், மேசை மேசையாக வந்து போட்டோவுக்கு நிற்கும். அதே கட்டடத்தின் பசுமைக்குடிலில் விளையும் காய்கள் தட்டுக்கும் வரும். சாப்பிட்டு இறங்கியதும் அந்தப் படகில் ஏறினால், பந்தலில் தொங்கும் காய்களைப் பார்த்து அம்மா படகை நிறுத்தச் சொல்வார். குறை என்னவென்றால் விலை ஒரே விலை. எல்லோருக்கும் பொதுவாக ஒரே சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை என்று விமர்சனத்தில் புலம்புகிறார்கள். சைவத்துக்கு முன்கூட்டிச் சொன்னால் தனியாகத் தருவார்கள். ஆனால் கொறித்துச் சாப்பிடும் பெரியவர்களுக்கும் முழுக் காசு. ஆறு பேருக்கு அந்தக் கணக்கு கடிக்கும். அணில் மேல் பிள்ளைக்கு உயிர் என்றால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அனிமல் கிங்டமில் இருக்கும் டஸ்கர் ஹவுஸும் அதே ஒரே விலைக் கணக்குதான். டொனால்ட் வாத்து சஃபாரி உடுப்பில் வருவார். ஆனால் இங்கே சாப்பாட்டிலேயே நமக்கு ஒரு பிடிப்பு உண்டு. அந்தப் பகுதி கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை ஊர் ஒன்றைப் பார்த்துக் கட்டியது. அந்தக் கரையோர மக்களின் அன்றாடச் சாப்பாட்டில் சப்பாத்தி, சம்பூசா, பிலாவ் எல்லாம் உண்டு. இந்தியப் பெருங்கடல் வழியாக நூற்றாண்டுகளாகக் கப்பல் போய்வந்ததன் மிச்சம் அது. அதனால் கறி வகை, சோறு, சட்னி என்று பழகிய வாசனை அங்கே அடிக்கும். அந்த வாசனைதான் சிலரை மூன்று நட்சத்திரம் போட வைக்கிறது.

ஹாலிவுட் ஸ்டுடியோஸில் சை-ஃபை டைன்-இன். 1991இலிருந்து இருக்கிறது. பெரிய இருட்டுக் கூடம், கூரையில் நட்சத்திரங்கள், வரிசையாகப் பழைய காலத்துத் திறந்த கார்கள். காருக்குள்தான் மேசை. எதிரே திரையில் ஐம்பதுகளின் வேற்றுக்கிரகப் படங்களின் முன்னோட்டத் துண்டுகள், முக்கால் மணி நேரம் ஓடி மறுபடி முதலிலிருந்து. சென்னையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் காருக்கே தட்டு வந்த காலம் உங்கள் அப்பாவுக்கு நினைவிருந்தால், இங்கே காரையே ஹாலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். சாப்பாடு பர்கர் வகைதான், வெளியே கிடைப்பதைவிட விசேஷமில்லை. அதனால் இங்கே சாப்பிடப் போகாதீர்கள். மூன்று மணிக்குப் போய் மில்க் ஷேக்கும் ஒரு இனிப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விஷயம், பில்லும் பாதியாகும். எல்லா மேசையும் கார் இல்லை என்பதால் கார்தான் வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: எல்லோரும் திரையைப் பார்த்து வரிசையாக உட்கார வேண்டியிருக்கும், ஆறு பேர் ஒன்றாகப் பேசிக்கொண்டு சாப்பிட முடியாது.

எப்காட் சீன அரங்கின் நைன் டிராகன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தெருமுனைச் சீனக் கடையில் இதே பண்டம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்பது விமர்சகர்கள் கோபம். நியாயமான கோபம். ஆனாலும் பிள்ளைகள் மூன்று நாளாகச் சோறு பார்க்காமல் அழுதால், சூடான ஃபிரைட் ரைஸோடு ஜன்னலோரம் உட்கார்ந்து கூட்டத்தை வேடிக்கை பார்க்க அது போதும். அவசரத்துக்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு தேவைப்படாத இடம் ஒன்று: மேஜிக் கிங்டமில் கொலம்பியா ஹார்பர் ஹவுஸ். கவுண்டரில் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போங்கள். மாடி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஓர் அறை நடைபாதைக்கு மேலே பாலம் மாதிரி நிற்கும். கீழே திருவிழாக் கூட்டம், மேலே அமைதி. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நல்லது, அம்மாவுக்கு அதிகம் தேறாது.

பணக் கணக்கு. மெனுவில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 6.5 சதவீதம் வரி. ஆறு பேர் என்பதால் 18 சதவீத டிப்ஸை மேசையில் பரிமாறும் உணவகங்களில் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். அதைப் பார்க்காமல் நான் ஒருமுறை மறுபடியும் டிப்ஸ் வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் பில்லை முழுதாகப் படியுங்கள். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள், ஆனால் 2 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம். இதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. முந்தைய இரவும் அன்று காலையும் நிறையப் பேர் ரத்து செய்வார்கள். அந்த நேரத்தில் டிஸ்னி ஆப்பைத் திறந்து பார்த்தால், முடிந்துவிட்டது என்று நினைத்த இடங்கள்கூடக் கண்ணில் படும். எதுவும் கிடைக்கவில்லையென்றால் உணவகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதே ஆப்பில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். ஸ்கிப்பர் கேன்டீனில் எங்களுக்கு இரண்டு முறை அப்படித்தான் கிடைத்தது.

உங்கள் மூன்று நாளுக்கு நானாக இருந்தால் இப்படிப் போடுவேன். மேஜிக் கிங்டம் நாளில் பதினொன்றரைக்கே ஸ்கிப்பர் கேன்டீன், கூட்டம் வருவதற்குள். எப்காட் நாளில் இரண்டு மணிக்கு சான் ஆன்ஹெல், இரவு ஸ்பைஸ் ரோடு டேபிளில் நான்கைந்து சின்னத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் அப்பா தளர்ந்துவிட்டால் கோரல் ரீஃபில் அவரையும் அம்மாவையும் ஒரு காபியோ சூப்போ வாங்கி உட்காரவைத்துவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு சவாரிக்குப் போங்கள். மூன்றாம் நாள் எந்தப் பார்க் என்று நீங்கள் சொல்லவில்லை. ஹாலிவுட் என்றால் சை-ஃபை மில்க் ஷேக், அனிமல் கிங்டம் என்றால் டஸ்கர் ஹவுஸ்.

மற்ற வேளைகளுக்கு அம்மாவுக்குக் கையில் கட்டிக்கொண்டு போங்கள். டிஸ்னியில் வெளிச்சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை, சுடவைக்கத் தேவையில்லாததாக இருந்தால் போதும். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் நாள் முழுக்கத் தாங்கும். தயிர்சாதம் என்றால் ஐஸ் பேக் வையுங்கள், உதிரி ஐஸ்கட்டியை உள்ளே விடமாட்டார்கள். குடிக்க ஐஸ் தண்ணீர் எந்தக் கவுண்டரில் கேட்டாலும் இலவசம். ஊறுகாயை மட்டும் கண்ணாடி பாட்டிலோடு எடுத்துப் போகாதீர்கள். கண்ணாடிக்கு அனுமதி இல்லை. வாசல் சோதனையில் அதை எடுத்து வெளியே வைக்கச் சொல்லும்போது அம்மாவைச் சமாதானப்படுத்துவது பெரிய வேலை.